சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல்

ரீகாவில் பிப்ரவரி.
காலை ஐந்திலிருந்து டிராம் ஓட்டுகிறவள் நான்.
கதவு திறக்கும்போதெல்லாம் ஊரே வந்து
என் முதுகில் தும்மிவிட்டுப் போகும்.

செவ்வாயன்று தொண்டையில் ஒரு சின்ன முள்.
புதனன்று மூக்கு, மூட மறந்த குழாய்.
வியாழனன்று அதே குழாய்க்குள் சிமெண்ட்.
ஜலதோஷம் இப்படித்தான்
மூட்டை சுமப்பவனைப் போல
ஒவ்வொரு படியாய் நின்று நின்று ஏறிவரும்.

பக்கத்து வீட்டு வில்னிஸ் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
அவருக்கு நோயும் லிஃப்டில் வந்தது.
மதியம் வரை குறடும் கையுமாய் இருந்தவர்
மூன்று மணிக்குப் பல் கிட்டி, எலும்பு உதறி
சுவரோரக் கட்டிலில் விழுந்த சத்தம் கேட்டது.
ஃப்ளூ.

ஒன்பது வருஷத்தில் நாங்கள் பேசியது
படிக்கட்டில் இரண்டு தலையசைப்பு.
சுவர் மட்டும் ஒரு சாண்.
நான் இரண்டு இருமினால்
அவர் மூன்றாய்த் திருப்பித் தருவார்.

என் புருவத்துக்குப் பின்னால்
ஒரு வாடகைக்காரன் குடிவந்திருந்தான்.
குனிந்தால் போதும்
பீரோ, கட்டில், இரும்புப் பெட்டி எல்லாவற்றையும்
நெற்றிப் பக்கம் தள்ளுவான்.
ஷூ நாடாவை அப்படியே விட்டுவிட்டேன்.

கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீர்,
தலைதட்டிய சின்னக் கரண்டி உப்பு.
ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வழியவிட்டேன்.
பார்க்க அழகில்லை. யார் பார்க்கிறார்கள்?
ஆவி பிடிக்கக் கிண்ணம் வைப்பதில்லை;
போன தடவை கவிழ்ந்தது
தொடையில் இன்னும் லிதுவேனியா வடிவில் இருக்கிறது.
குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு
தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன்.
பிறகு லிண்டன் பூத் தேநீர்,
ஜூனில் டிப்போவுக்குப் பின்னால் பறித்தது.
வாசம் தெரியவில்லை. சூடு தெரிந்தது.

'சளி பச்சையா? ஆன்டிபயாடிக் கேள்' என்றாள் மிர்த்சா, போனில்.
பச்சை என்றால் உள்ளே சண்டை நடக்கிறது,
அவ்வளவுதான்.
எதிரி யார் என்று நிறம் காட்டிக்கொடுப்பதில்லை.

வெங்காயம் நறுக்கித் தேனில் ஊறவைத்து
ஒரு ஜாடி அவர் வாசலில் வைத்தேன்.
தட்டவில்லை.

ஐந்தாம் நாள் அவர் வீட்டில் ரேடியோ பாடியது.
ஆறாம் நாள் பாத்திரம் கழுவும் சத்தம்.
எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.
எட்டாம் நாள் இருமல் திரும்பி வந்தது,
ஆனால் வேறு இருமல்.
கிணற்றில் கல் போடுவது போல, ஆழத்தில்.
இரவு, அதுவும் நின்றது.

நான் இரண்டு இருமினேன்.
பதில் இல்லை.

போர்வையோடு கதவைத் திறந்தார்.
மேஜையில் எலுமிச்சை மணப் பொடி உறைகள்,
பக்கத்தில் வெள்ளை மாத்திரை அட்டை.
கண்ணாடி போட்டுப் பொடி எழுத்தைப் படித்தேன்.
இரண்டிலும் பாராசிட்டமால்.
இரண்டு சட்டை, ஒரே ஆள்.
'இன்றைக்கு எத்தனை?'
விரல் விட்டு எண்ணினார்.
ஒரு கை போதவில்லை.

நன்றாகிவிட்டுத் திரும்ப ஏறும் காய்ச்சலை
நம்பக் கூடாது.
அவசர எண்ணில் கேட்டார்கள்: மூச்சு வாங்குகிறதா?
தன் பெயரைச் சொல்வதற்குள்
அவர் இரண்டு இடத்தில் நின்றார்.
உறைகளையும் அட்டையையும் பையில் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.
லிஃப்ட்காரரை நாற்காலியில் உட்கார வைத்து
ஐந்து மாடி இறக்கினார்கள்.
இறங்கும்போது சிரிக்கப் பார்த்தார்,
இருமலாகப் போனது.

பதினோரு நாள் சுவர் வெறும் சுவராக இருந்தது.
அதற்குள் என் வாடகைக்காரன் காலி செய்துவிட்டான்.
ஷூ நாடாவைக் கட்டினேன்.
முதலில் திரும்பி வந்த வாசனை
டிராமில் யாரோ ஒருவரின் ஈரக் கம்பளிக் கோட்.
அருமையான நாற்றம்.

இன்று வாசலில் ஜாடி இருந்தது.
கழுவி, துடைத்து,
வேறு ஏதோ ஜாடியின் மூடி போட்டு.
பொருந்தவில்லை.
அப்படியே வைத்திருக்கிறேன்.